பரணில் கிடக்கும் வால்வு செட்: கிட்டாருக்கு ஆகுமா?

வால்வு ஆம்ப்ளிஃபையரில் கிட்டார் வாசித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் விலையைக் கேட்டதும் ஆசையை மூட்டை கட்டிவிடுகிறார்கள். 1950களின் ஃபெண்டரும் 60களின் மார்ஷலும் இன்று சேகரிப்பாளர்கள் போட்டிபோட்டு வாங்கும் பண்டங்கள். ஏலாக்குறிச்சிக்காரர் அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. சொந்த ஊரிலோ பக்கத்துத் திருமானூர், திருமழபாடியிலோ ஒரு காலத்தில் மைக்செட் வாடகைக்கு விட்டவர் வீட்டுப் பரணை விசாரித்துப் பார்க்கலாம். எடைக்குப் போடாமல் விட்டிருந்தால், சாக்கு மூடிய இரும்புப் பெட்டி ஒன்று அங்கே இருக்கும். அந்தப் பெட்டியை எப்படிச் சோதிப்பது, கிட்டாருக்கு எப்படிப் பழக்குவது என்பதுதான் இந்த அத்தியாயம்.

டிரான்சிஸ்டர் செட் வந்து சேரும்வரை கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் பாடியது வால்வு செட்தான். ஏலாக்குறிச்சி, வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயர் வைத்த ஊர். மாதா கோயில் தேர்பவனி என்றால் கொள்ளிடத்தின் இரு கரையிலிருந்தும் சனம் வரும். அப்படிப்பட்ட கூட்டத்தில் கடைசி ஆளுக்கும் ஜெபமாலை கேட்க வேண்டுமானால், உயரத்தில் கட்டிய கூம்புக் குழாயும் கீழே மேசைமேல் சூடேறிய வால்வுகளும்தான் அன்றைக்கு வழி. மைக்செட் உலகில் மிகவும் தெரிந்த பெயர் அகுஜா. 1940இல் டெல்லியில் தொடங்கிய நிறுவனம். வால்வுகளைப் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஃபிலிப்ஸ் கம்பெனியின் கூட்டுறவோடு 1961 முதல் செய்தது. கண்ணாடியில் ‘பெல்’ முத்திரை மங்கலாகத் தெரிந்தால் அந்த வால்வைப் பஞ்சில் சுற்றித் தனியே வையுங்கள். இனி அது வராது.

மைக்செட் பெட்டியில் கிட்டாரைச் செருகுவது ஏதோ ஏழையின் சமாளிப்பு என்று நினைக்க வேண்டாம். லியோ ஃபெண்டர் 1938இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் திறந்தது ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. ஊர்ப் பாட்டுக்குழுக்களுக்கு மைக்செட் செய்து விற்றார், வாடகைக்கும் விட்டார். கிட்டார் ஆம்ப்ளிஃபையர் அந்தத் தொழிலின் நீட்சியாக வந்தது. அவர் பார்த்துச் செய்தவை வால்வு கம்பெனிகள் தங்கள் கையேடுகளில் அச்சிட்ட மாதிரி சர்க்யூட்டுகள். மைக்செட் செய்தவர்களும் அவற்றைத்தான் பார்த்தார்கள். ஆக, பரணில் கிடப்பது ஃபெண்டருக்கு ஒன்றுவிட்ட பங்காளி முறை.

ஒலி எங்கே பிறக்கிறது

வால்வு என்றாலே இனிமை என்ற பேச்சை அப்படியே நம்பாதீர்கள். மைக்செட்டை வடிவமைத்தவருக்குப் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும், குரல் கரகரக்கக் கூடாது. அதற்காக அவர் செய்த ஏற்பாடுகள்தான் கிட்டார்காரருக்கு இடைஞ்சல்.

எந்த வால்வும் தன் எல்லையை நெருங்கும்போது அலையின் முகட்டைச் சட்டென வெட்டாமல் மெல்ல வளைத்து மழுக்கும். அந்த மழுக்கலில் புதுப்புது மேல்சுரங்கள் முளைக்கின்றன. தந்தியை மெதுவாகத் தொட்டால் சுத்தமாகவும், ஓங்கி அடித்தால் சற்றுக் கிழிந்தும் வருகிற அந்தக் குரல் இங்கிருந்துதான் வருகிறது. மைக்செட்டில் இந்த வளைவை மறைக்க ஓர் உத்தி உண்டு. ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியில் ஒரு சிறு பங்கை எடுத்து, தலைகீழாக உள்ளே திருப்பி அனுப்புவார்கள். எதிர்ப் பின்னூட்டம் என்பது அதுதான். அது அதிகமாக இருக்கும் செட், எல்லைவரை பளிங்குபோலச் சுத்தமாக இருந்துவிட்டு எல்லையில் திடீரென முறியும். இங்கிலாந்தின் வாக்ஸ் ஏசி30இல் வெளியீட்டுப் பகுதிக்குப் பின்னூட்டமே கிடையாது. நான்கு இஎல்84 வால்வுகள் கட்டவிழ்த்து விட்டதுபோல ஓடும். அதன் கிணுகிணுப்புக்கு அது பெரிய காரணம்.

அடுத்தது கரன்ட் தருகிற பகுதி. ஏசியை டிசியாக்கப் பழைய செட்டுகளில் அதற்கென்றே ரெக்டிஃபையர் என்று ஒரு வால்வு இருக்கும். 5யு4 ரகமானால் ஓங்கி அடிக்கும்போது வோல்டேஜ் நன்றாகவே சரிந்து, பிறகு மெல்ல ஏறும். கிட்டாரில் இது ஸ்வரத்தின் தலை அமுங்கி வால் நீண்டதுபோல் கேட்கும். ஜிஇசட்34இல் சரிவு குறைவு. சிலிக்கன் டயோடு உள்ள செட்டில் அநேகமாக இல்லை. மந்தமான வாசிப்பு பிடித்தவர்களுக்கு முதலாவது, வேகமாகக் குத்தி வாசிப்பவர்களுக்குக் கடைசி.

எல்லாரும் வால்வைப் பற்றியே பேசுகிறார்கள். காதில் விழும் வித்தியாசத்தில் பெரும்பங்கு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் என்பது என் கட்சி. சாட்சிக்கு ஒரு பிரபலமான வழக்கைச் சொல்கிறேன். ஃபெண்டர் 1958 முதல் 60 வரை செய்த பாஸ்மேன், பெயரைப்போலவே பாஸ் கிட்டாருக்காகச் செய்தது. அதன் சர்க்யூட்டை ஏறக்குறைய வரிக்கு வரி பார்த்து, மேற்கு லண்டன் ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலின் ஆட்கள் 1962இல் ஜேடிஎம்45ஐச் செய்தார்கள். முதல் வால்வை மாற்றினார்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ளூரில் கிடைத்தது. ஃபெண்டரில் பின்பக்கம் திறந்த பெட்டிக்குள் 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர் நான்கு; மார்ஷலில் மூடிய பெட்டிக்குள் 12 அங்குல செலஸ்டியன் நான்கு. சர்க்யூட் ஒன்றுதான். ஒலியில் ஒன்று அமெரிக்கா, இன்னொன்று இங்கிலாந்து. அடுத்த பத்தாண்டு ராக் இசையின் கனத்த குரல் அந்த இரண்டாவதிலிருந்து கிளம்பியது.

திறப்பதற்கு முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். ஓடும் வால்வு செட்டுக்குள் 350 முதல் 450 வோல்ட் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும். ஆளைக் கொல்லப் போதுமானது. மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர் மூடியைத் திருகிக் கழற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரைத் தேடுங்கள். கேட்கிற விதமாகக் கேளுங்கள். “அண்ணே, இந்த வால்வு செட் ஓடுமா?” என்று கேட்டால், நேராகச் சுவரில் சொருகி “ஓடுதே தம்பி” என்பார். நேராகச் சொருகுவதுதான் பழைய செட்டுக்குச் செய்யும் முதல் கெடுதல். “சீரீஸ் லாம்ப்பில் போட்டுப் பாருங்கண்ணே” என்று சொல்லுங்கள். விஷயம் தெரிந்தவன் என்று அவருக்கும் புரியும்.

மூடியைத் திறந்ததும் முதலில் வருவது வாசனை. பழைய மெழுகு, தூசி, எப்போதோ சூடேறிய வார்னிஷ். இரண்டு டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே குளவி மண்கூடு கட்டியிருக்கும். ஓரத்தில் பல்லி முட்டை ஓடு. அரியலூர்ச் சாலைகளில் ஓடும் சிமென்ட் லாரிகளின் புண்ணியத்தில், இங்கே படிவது வெறும் புழுதி இல்லை. ஈரம் பட்டால் இறுகிப் பிடிக்கும் மாவு. ஈரத்துணியால் துடைக்காமல், உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி வெளியேற்றுங்கள். வால்வு பேஸின் துளைகளுக்குள் போனதைக் கான்டாக்ட் கிளீனர் தெளித்து, வால்வைச் செருகிச் செருகி எடுத்துச் சுத்தம் செய்யலாம். இது எல்லாமே பிளக் வெளியே இருக்கும்போது. கண்டன்சரில் மிச்சம் இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்து, இருந்தால் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள கிளிப்பில் மாட்டி வடித்து, மறுபடியும் மீட்டரில் பார்த்த பிறகே கை உள்ளே போகலாம். அப்போதும் ஒரு கை மட்டும்.

சோதனை வரிசை இப்படி. எந்த வால்வு எங்கே இருந்தது என்று படம் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரீஸில் வைத்துக் கரன்ட் கொடுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. பல்பு மங்கினால் நல்ல செய்தி. இந்தச் சோதனை ரெக்டிஃபையர் வால்வு உள்ள செட்டுக்கு மட்டும் சரியாக வரும். பிறகு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். கரன்ட் இல்லாதபோது, நடுக் கம்பியிலிருந்து இரண்டு பக்கப் பிளேட்டுக்கும் ஓம்ஸ் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஓப்பன் என்று காட்டினால், மறுசுற்று செய்யத் தெரிந்த ஆள் கையில் இல்லாவிட்டால், செட்டை வாங்காமல் வந்துவிடுங்கள். மற்ற எதை வேண்டுமானாலும் மாற்றலாம்.

மாற்றியே ஆகவேண்டியவை இரண்டு வகைக் கண்டன்சர். ஃபில்டர் கண்டன்சர்கள் பல வருஷம் சும்மா கிடந்தால் காய்ந்துபோகும். ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் ‘ம்ம்ம்’ இரைச்சல் அவற்றின் புலம்பல். (50 ஹெர்ட்ஸில் முனகினால் ஹீட்டர் ஒயரையோ எர்த்தையோ சந்தேகப்படுங்கள்.) இரண்டாவது, மெழுகு பூசிய பேப்பர் கண்டன்சர்கள். முன்வரிசை வால்வுக்கும் வெளியீட்டு வால்வுக்கும் நடுவே நிற்பவை இவை. கசிய ஆரம்பித்தால் வெளியீட்டு வால்வின் கிரிட்டுக்குப் பாஸிட்டிவ் வோல்டேஜ் வந்து, உள்ளே இருக்கும் பிளேட் செங்கல் சூளைபோலச் சிவக்கும். கண்டுபிடிப்பது எளிது. வெளியீட்டு வால்வுகளை மட்டும் கழற்றிவிட்டு, செட்டை ஓடவிட்டு, கிரிட் பின்னில் மீட்டர் வையுங்கள். இஎல்34, 6எல்6 இரண்டுக்கும் அது 5ஆம் பின். இஎல்84க்கு 2ஆம் பின். சைபரோ மைனஸோ காட்டினால் சரி. கொஞ்சம் பிளஸ் காட்டினாலும் கண்டன்சரைத் தூக்கிப்போட்டு பாலியெஸ்டர் ரகம் வையுங்கள். பழைய மெழுகுக் கண்டன்சரில்தான் அந்தக் காலத்து ஒலி ஒளிந்திருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுடைய வால்வுச் செலவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வெளியீட்டு வால்வு எவ்வளவு குடிக்கிறது என்பதையும் அளந்துவிடுங்கள். இஎல்34இன் பிளேட் தாங்குவது 25 வாட். சும்மா இருக்கும்போது அதில் 70 சதவீதம், அதாவது 17.5 வாட் தாண்டாமல் வைத்தால் நீண்டநாள் வரும். பிளேட்டில் 400 வோல்ட் இருந்தால் அது 44 மில்லி ஆம்பியர்.

கடைசியாக எர்த். பழைய மைக்செட்டில் இரண்டு பின் ஒயர் இருந்தால் அன்றைக்கே மூன்று பின்னாக மாற்றி, எர்த்தைச் சேஸிஸில் நட்டு போட்டு முறுக்குங்கள். பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறவர் தந்தியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்கிறார். ஆம்ப் ஒரு எர்த்தில், மைக்செட் வேறு ஜெனரேட்டரில் என்றால் அவர் உடம்புதான் இரண்டையும் இணைக்கும் கம்பி. இரண்டையும் ஒரே போர்டிலிருந்து எடுங்கள்.

எந்த ஓட்டையில் செருகுவது

முன்பக்கம் ‘மைக்’ என்று இரண்டு, ‘கிராமஃபோன்’ அல்லது ‘பிக்கப்’ என்று ஒன்று இருக்கும். முதலில் கிராமஃபோன் ஓட்டையில் செருகிப் பாருங்கள். இசைத்தட்டு ஓட்டிய கிரிஸ்டல் பிக்கப்புக்காக வைத்த வழி அது. கிட்டாரின் காந்தப் பிக்கப்பைப்போலவே அதுவும் தன்மேல் பாரம் ஏற்றினால் மங்கிப்போகும் ஜாதி. அதனால் கிட்டார் அங்கே இயல்பாக ஒலிக்கும். ஆனால் ஒலி அடக்கமாக இருக்கும். கோயிலில் பாட்டுக்குப் பின்னால் சுத்தமாக வாசிக்க இதுவே போதும், வேறு எதையும் தொட வேண்டாம்.

மைக் வழியில் பெருக்கம் அதிகம். ஆனால் சில செட்டுகளில் ஓட்டைக்குப் பின்னாலேயே விரல்கடை அளவு சிறு டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கும். அது குறைந்த இம்பிடன்ஸ் மைக்குக்கானது. கிட்டாரை அங்கே போட்டால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் இருக்கும். ஒரு வழியில் மட்டும் அந்தக் குட்டி டிரான்ஸ்ஃபார்மரை விலக்கி, ஓட்டையிலிருந்து தரைக்கு 1 மெக் ஓம் ரெசிஸ்டரும், கிரிட்டுக்குப் போகும் வழியில் 68 கிலோ ஓம் ரெசிஸ்டரும் வையுங்கள். ஃபெண்டரிலும் மார்ஷலிலும் கிட்டார் நுழையும் வாசல் இந்த அளவில்தான் இருக்கிறது. இரண்டாவது மைக் வழியை அப்படியே விடுங்கள். விற்கும்போது வாங்குகிறவர் கேட்பார்.

முதல் வால்வு அநேகமாக இசிசி83 ஆக இருக்கும். அமெரிக்கப் பெயர் 12ஏஎக்ஸ்7. செட் ஓடும்போது பென்சிலால் மெதுவாகத் தட்டினால் சிலது ஸ்பீக்கரில் மணிபோல் ஒலிக்கும். அந்த வால்வைப் பின்வரிசைக்குத் தள்ளி, ஊமையாக இருப்பதை முன்னால் கொண்டுவாருங்கள். பின்னூட்ட ரெசிஸ்டரின் மதிப்பை இரட்டிப்பாக்கினால் பின்னூட்டம் குறைந்து ஒலி சற்று முரடாகும். செய்து கேளுங்கள், பிடிக்காவிட்டால் பழையதைத் திரும்ப வைப்பது கால் மணி நேர வேலை.

குழாயைக் கழற்றுங்கள்

எத்தனை வால்வு மாற்றினாலும், கூம்புக் குழாயிலேயே கேட்டுக்கொண்டிருந்தால் கிட்டார் வராது. குழாயின் யூனிட் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே திணறும். கிட்டாரின் ஆறாவது தந்தி 82 ஹெர்ட்ஸ்; முதல் தந்தியே சும்மா மீட்டினால் 330தான். தந்திகளில் பாதிக்கு மேல் குழாய்க்குள் நுழையவே முடியாது. முயன்றால் யூனிட்டின் டயாஃப்ரம் கிழியும்.

12 அங்குலக் கிட்டார் ஸ்பீக்கர் ஒன்று வாங்குங்கள். காசைப் போடவேண்டிய இடம் இதுதான். இந்த ரகம் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே தானாகவே ஒலியை இறக்கிவிடும். வால்வு உண்டாக்கிய மேல்சுரங்களில் கூரானதை வடித்து, உருண்டதை மட்டும் வெளியே விடும். ரப்பர் விளிம்பு வைத்த கார் ஊஃபரை மாட்டி ஏமாறாதீர்கள். ஒரு வாட்டுக்குக் கிட்டார் ஸ்பீக்கர் 97 முதல் 100 டெசிபெல் தரும். ஊஃபர் 88, 90 அளவில் நிற்கும். 10 டெசிபெல் வித்தியாசத்தை ஈடுகட்டப் பத்து மடங்கு வாட் வேண்டும்.

பின்னால் இருக்கும் இணைப்புகளில் கவனம். 4, 8, 16 ஓம் என்றும், கூடவே 70 அல்லது 100 வோல்ட் லைன் என்றும் போட்டிருக்கும். லைன் இணைப்பு நீண்ட தூரம் ஒயர் இழுத்துப் பல குழாய் மாட்டுவதற்கானது. 30 வாட் செட்டில் 100 வோல்ட் இணைப்பு எதிர்பார்ப்பது 333 ஓம் பாரம். அங்கே 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வுகள் மூச்சுத்திணறும். 8 ஓம் ஸ்பீக்கர் 8இல், 16 ஓம் 16இல், அவ்வளவுதான். ஸ்பீக்கர் மாட்டாமல் செட்டை வாசிக்கவே கூடாது. டிரான்சிஸ்டர் செட் ஷார்ட்டுக்குப் பயப்படும். வால்வு செட் ஓப்பனுக்குப் பயப்படும். பாரம் இல்லாமல் ஓங்கி அடித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் தீப்பொறி பாய்ந்து, மாற்றக் கிடைக்காத அந்த ஒரே உறுப்பு போய்விடும்.

பெட்டி ஒட்டுப்பலகையில் போதும். பின்பக்கம் பாதி திறந்திருந்தால் சிறு கூடத்தில் ஒலி பரவும். முழுக்க மூடினால் அடி கனக்கும், ஆனால் நேர் எதிரே இருப்பவர் காதைத் துளைக்கும்.

ஊருக்குள் வைத்துக்கொள்வது

30 வாட் வால்வு செட், நல்ல ஸ்பீக்கரில், வீட்டுக்கு அநியாயம். பாதியாக 15 வாட் என்றாலும் 3 டெசிபெல்தான் குறையும். காது அதைக் கொஞ்சமாகத்தான் உணரும். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. செட்டை வெளியீட்டு வால்வுகள் வியர்க்கும் அளவுக்கு வாசிக்க ஆசையென்றால் பகலில், வயல் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கரன்ட் இன்னொரு தலைவலி. 220 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மருக்கு 240 வந்தால் 6.3 வோல்ட் ஹீட்டர் 6.9ஐத் தொடும். வால்வு தாங்கும் எல்லை ஏறக்குறைய அதுதான். மதியத்தில் 250 காட்டும் தெருவானால் ஸ்டெபிலைசர் இல்லாமல் போடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த அமெரிக்க ஆம்ப் என்றால் அது 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் ஜாதி. ஸ்டெப் டவுன் போட்டாலும் நம் 50 ஹெர்ட்ஸில் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சுடும். இடைவேளை விட்டு வாசியுங்கள்.

வால்வு இப்போது புதிதாகவே செய்கிறார்கள்: ரஷ்யாவில் சராத்தோவ், ஸ்லோவாக்கியாவில் ஜேஜே, அப்புறம் சீனா. சென்னை ரிச்சி தெருவில் பழைய சரக்கு வைத்திருப்பவர் அகப்பட்டால், பெட்டியில் போட்டிருக்கும் பெயரை நம்பாமல் டெஸ்டரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெளியீட்டு வால்வுகளைப் பொருத்தம் பார்த்த ஜோடியாக வாங்குங்கள். ஒன்று போனால் இரண்டையும் மாற்றுங்கள். 6எல்6 இருந்த இடத்தில் இஎல்34 போட நினைத்தால் இரண்டு விஷயம்: அதன் ஹீட்டர் 0.9 ஆம்பியருக்குப் பதில் 1.5 ஆம்பியர் இழுக்கும், 1ஆம் பின்னை 8ஆம் பின்னோடு இணைக்கவும் வேண்டும். மெயின் டிரான்ஸ்ஃபார்மர் ஏற்கெனவே கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் அந்த யோசனையை விட்டுவிட்டு 6எல்6ஐயே தேடுங்கள்.